தேரியிலிருந்து கரிசலுக்கு

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் பொழுது விடிவதற்குள் மல்லி வந்து இறங்கிவிடும். ஈரச் சாக்கைப் பிரித்துக் கொட்டினால் மல்லி ஒரு குவியல், பிச்சி ஒரு குவியல், கேந்தி ஒரு குவியல். அங்கிருந்து உதிரிப் பூ வாங்கி வந்து, வீட்டு நடையில் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். தண்ணீரில் நனைத்த வாழைநார். இந்தப் பக்கம் இரண்டு பூ, அந்தப் பக்கம் இரண்டு பூ, விரலில் ஒரு சுற்று, ஒரு இழுப்பு. பேசிக்கொண்டே கட்டுகிறார், பார்க்காமலே கட்டுகிறார். சரம் முழம் முழமாக மடியில் சேர்கிறது. அவர் தலையில் மட்டும் ஒரு பூ இல்லை. காதில் கம்மல் இல்லை, மூக்கில் மூக்குத்தி இல்லை. பெந்தெகொஸ்தே சபையில் ஞானஸ்நானம் எடுத்தவர். அன்று கழற்றியது, பிறகு போடவில்லை.

அவர் கட்டும் சரம் கோமதியம்மன் சன்னிதிக்குப் போகிறது. கத்தோலிக்கர் வீட்டில் மாதா படத்துக்குப் போகிறது. சி.எஸ்.ஐ. கோயிலில் கல்யாணம் என்றால் மணப்பெண்ணின் கொண்டைக்குப் போகிறது. ஒரே நாரில் கட்டிய பூவைக் கடவுளுக்குச் சூட்டும் சபை ஒன்று, பெண்ணுக்குச் சூட்டும் சபை ஒன்று, யாருக்கும் சூட்டாத சபை ஒன்று. மூன்றிலும் இந்த ஊரில் ஆராதனை நடக்கிறது. சிவன் பெரியவரா, பெருமாள் பெரியவரா என்று சண்டையிட்ட சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகங்களுக்காக இருவரும் ஒரே திருமேனியாக நின்ற ஊர் இது என்பது தலபுராணம். ஆடித் தபசுக்கு வரும் கூட்டம் அதைத்தான் பார்க்க வருகிறது. அப்படிப்பட்ட ஊரில் கிறிஸ்தவத்தின் மூன்று, நான்கு கிளைகள் எப்படி வந்து சேர்ந்தன?

பெரிய சபைகள் எல்லாமே வந்தவைதான். கத்தோலிக்கம் கடற்கரையிலிருந்து வந்தது. ஆங்கிலிக்க சபை, அதாவது இன்றைய சி.எஸ்.ஐ., தெற்கேயுள்ள பனங்காட்டிலிருந்து வந்தது. பெந்தெகொஸ்தே இலங்கையையும் கேரளத்தையும் சுற்றிக்கொண்டு வந்தது. எந்தச் சபை எந்தக் காலில் நடந்து வந்தது, வந்த இடத்தில் யாரை நம்பியது என்பதைப் பொறுத்தே அது இந்த மண்ணில் வேர் பிடித்ததா, வாடகை வீட்டில் இருப்பதுபோல் இருந்துவிட்டதா என்பது தெரிகிறது. நான் தேரிக்காட்டுப் பக்கம், தெற்கே அந்தச் செம்மணல் பனங்காட்டில், பிறந்து வளர்ந்தவன். எங்கள் சபையின் கதையும் இதில் இருப்பதால், விலகி நின்று எழுத என்னால் முடியாது.

தெற்கே சபை ஊரைக் கட்டியது

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் கிறிஸ்தவர் 6.12 சதவீதம். கன்னியாகுமரி மாவட்டத்தில் 46.85. தூத்துக்குடியில் ஏறக்குறைய 17, பிரிக்கப்படாத திருநெல்வேலியில் சுமார் 11. கிறிஸ்தவம் தமிழ்நாடெங்கும் ஒரே சீராகப் பரவவில்லை, தெற்கு மூலையில் திரண்டு கிடக்கிறது என்பதை இந்த எண்களே சொல்லிவிடும்.

திரண்டதற்கு ஒரு காரணம் உண்டு. தேரிக்காட்டில் பனையேறிகள் கிறிஸ்தவர்களானபோது அடி விழுந்தது, குடிசைகள் பிடுங்கப்பட்டன. உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் காலத்தில், 1799-ல், நிலம் வாங்கித் தங்களுக்கென்று ஓர் ஊரையே அமைத்தார்கள். அதுதான் முதலூர். 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனெரி ரேனியஸ் ஐயர், இப்படி நிலம் வாங்குவதற்காகவே தரும சங்கம் ஏற்படுத்தினார். பிறகு நாசரேத், மெஞ்ஞானபுரம், சுவிசேஷபுரம், சாயர்புரம் என்று வரிசையாக ஊர்கள். நடுவில் கோயில், பக்கத்தில் பள்ளிக்கூடம், சுற்றி நேர்கோட்டில் தெருக்கள். மெஞ்ஞானபுரத்துக் கோபுரம் 192 அடி. பனங்காட்டுக்கு மேலே நிமிர்ந்து நிற்கும் அதைத் தொலைவிலிருந்தே பார்த்து வழி கண்டுபிடித்தவர்கள் நாங்கள்.

வடக்கே கதை வேறு. சங்கரன்கோவில், சிவகிரி, சாத்தூர், சிவகாசிப் பக்கம் செம்மணல் முடிந்து கரிசல் தொடங்குகிறது. மண்ணோடு அதிகாரமும் மாறுகிறது. நெற்கட்டும்செவல், சிவகிரி, எட்டயபுரம், ஊத்துமலை என்று பாளையங்கள். ஊர் ஏற்கெனவே இருந்தது. கோயிலும் தேரும் இருந்தன. யார் எந்தத் தெருவில் நடக்கலாம், எந்தக் கிணற்றில் இறைக்கலாம் என்பதெல்லாம் முடிவாகியிருந்தது. அங்கே புதிதாக ஊர் கட்ட முடியாது. அடுத்தவர் தெருவில் ஒரு வீடு வாடகைக்குக் கிடைத்தால் அதுவே பெரிது. தெற்கில் நாடார் என்ற ஒரு சாதி திரளாக அசைந்ததால் சபை பெருகியது. சிவகாசி, விருதுநகர்ப் பக்கத்து நாடார் வணிகர்களோ தங்கள் உறவின்முறையையும் மகமையையும் கொண்டு சொந்தமாகக் கோயிலும் பள்ளியும் கட்டிக்கொண்டார்கள். தெற்கில் பலித்த வழி வடக்கில் பலிக்கவில்லை.

இந்தப் பாடத்தைத் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவம் வெகு காலம் முன்பே ஒருமுறை மதுரையில் படித்திருந்தது. முத்துக்குளித்துறைப் பரதவர் 1530-களில் கத்தோலிக்கரானார்கள். 1542-ல் சவேரியார் வந்தார். கடற்கரை முழுக்க மாதா கோயில்கள். ஆனால் கடற்கரையைத் தாண்டி உள்நாட்டுக்கு வந்தவுடன் சபை நின்றுவிட்டது. 1595-லிருந்து மதுரையில் இருந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற யேசு சபையார், அங்கு வந்து குடியிருந்த பரதவர்களுக்குப் பூசை வைத்தார். பதினோரு ஆண்டுகளில் மதுரைக்காரர் ஒருவர்கூடச் சேரவில்லை. அவர்கள் கண்ணுக்கு அது பரங்கிகளின் மார்க்கம், கடற்கரைக்காரர் சமாசாரம். 1606-ல் வந்த ராபர்ட் தெ நோபிலி காவி உடுத்தி, தமிழும் சமஸ்கிருதமும் படித்து, உள்ளூர்க்காரராக மாற முயன்ற பிறகே கதவு திறந்தது. அந்த முறையும் சாதிப் படிக்கட்டை அப்படியே ஏற்றுக்கொண்டது என்ற குறை எனக்கு உண்டு. ஆனாலும் பெர்னாண்டஸின் பதினோரு ஆண்டுகளை மறந்துவிடக் கூடாது. ஒரு சபை தன் ஆட்களை மட்டும் பின்தொடர்ந்து போனால், போன ஊரில் அவர்களோடேயே நின்றுவிடும்.

நோபிலி தொடங்கிய மதுரை மிஷன் கரிசலுக்குள் இறங்கி, கோவில்பட்டிக்கு அருகே காமநாயக்கன்பட்டியில் தளம் அமைத்தது. வீரமாமுனிவர் என்று நாம் கொண்டாடும் பெஸ்கி பாதிரியார் 1711 வாக்கில் அங்கேதான் தமிழ் மண்ணில் தன் பணியைத் தொடங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் சங்கரன்கோவில் வட்டாரத்துக் குருக்கள்பட்டியில் பிடிபட்டு, மரண தண்டனை வரை போய்த் தப்பினார். தேம்பாவணி எழுதிய கை, அதற்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இங்கேயே ஓய்ந்திருக்க வேண்டியது. அந்த வழியாகப் பேருந்தில் போகும்போதெல்லாம் எனக்கு நினைவு வருவது அதுதான்.

1854: ஒரே ஆண்டு, இரண்டு பயணங்கள்

தாமஸ் ராக்லாந்து கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்றவர். சென்னையில் சி.எம்.எஸ். என்ற ஆங்கிலிக்க மிஷன் சங்கத்தின் செயலாளராக மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர். திருநெல்வேலிச் சபைகளைப் பார்வையிட வந்தபோது வடபகுதி வெறுமையாகக் கிடப்பதைக் கண்டு, பதவியை விட்டுவிட்டுக் கூடாரத்தோடு புறப்பட்டார். 1854-ல் டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் என்ற இரண்டு இளைஞர்கள் சேர்ந்துகொண்டார்கள். பங்களா கிடையாது. ஓர் ஊரில் கூடாரம் அடிப்பார்கள். சுற்றியுள்ள கிராமங்களுக்கெல்லாம் நடந்து முடித்ததும் கூடாரத்தைச் சுருட்டி அடுத்த ஊருக்குப் போவார்கள். நான்கே ஆண்டுகள். 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில் நுரையீரலிலிருந்து இரத்தம் கசிந்து ராக்லாந்து இறந்தார். வயது 43. அவர் இருந்தவரை சொல்லிக்கொள்ளும்படியான அறுவடை எதுவும் இல்லை.

நூல்களில் ராக்லாந்து இருக்கிறார். பின்னாளில் வந்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அவரைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஆனால் அந்தக் கூடாரத்தில் வெள்ளைக்காரர்கள் மட்டும் இருக்கவில்லை. தெற்குச் சபைகள் தங்கள் செலவில், முறைவைத்து, உபதேசியார்களை அனுப்பின. ஒரு மாதம் வடக்கே நடப்பது, பிறகு ஊர் திரும்புவது, அடுத்த சபையிலிருந்து அடுத்தவர் கிளம்புவது. கரிசல் வெயிலில் நடந்து, திண்ணையில் இடம் கிடைத்தால் பேசி, கிடைக்காவிட்டால் அடுத்த ஊருக்குப் போன அந்த மனிதர்களில் பெரும்பாலானவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. பின்னாளில் சென்னைச் சிந்தாதிரிப்பேட்டை சீயோன் கோயிலில் பேர்பெற்ற சத்தியநாதன் ஐயர் இளமையில் இந்த வட திருநெல்வேலிப் பணியில் இருந்தவர் என்பது தெரிகிறது. மற்றவர்கள் புழுதியோடு போய்விட்டார்கள்.

அதே 1854-ல் இலங்கையில் இன்னொன்று நடந்தது. மலைநாட்டுக் காப்பித் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் குவிந்திருந்தார்கள். தோட்ட முதலாளிகளின் ஆதரவோடு தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியது. கூலி என்ற சொல்லைப் பெயரிலேயே வைத்துக்கொண்ட காலம் அது. நடத்தப் போனவர் திருநெல்வேலியில் பணியாற்றிய செப்டிமஸ் ஹாப்ஸ். தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கிய உபதேசியார்களும் திருநெல்வேலிக்காரர்களே. ஒரு சிறிய பனங்காட்டுச் சபை, தனக்கு முழுதாக அறுபது வயது ஆகுமுன், ஒரே ஆண்டில் வடக்கே கரிசலுக்கும் கடல் கடந்து மலைக்கும் ஆள் அனுப்பியிருக்கிறது.

பிடியரிசி

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதை எங்கள் வீட்டு அடுக்களையில் பார்த்திருக்கிறேன். ஆச்சி உலை வைத்ததும் நாழியில் அரிசி அளப்பாள். களைவதற்கு முன் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து, மூலையில் இருக்கும் மண் கலயத்தில் போட்டுவிட்டுத்தான் அரிசியில் தண்ணீர் ஊற்றுவாள். காலையிலும் அப்படித்தான், ராத்திரியும் அப்படித்தான். அரிசி குறைவாக இருந்த நாளில் பிடி சிறுத்திருக்கும், ஆனால் கலயத்துக்குப் போகாமல் இருந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை அது துணிப்பையில் கோயிலுக்குப் போகும். ஆராதனை முடிந்ததும் வாசலில் ஏலம்: அரிசி, சேவல், முருங்கைக்காய், முதல் குலைத் தேங்காய். யாரோ ஒருவர் விலையை வேண்டுமென்றே ஏற்றிவிடுவார். அந்தக் காசில் ஒரு பங்கு, ஆச்சி கண்ணால் கண்டிராத ஊர்களுக்குப் போனது.

அப்படிப் போன ஊர்களில் பெரியது தோர்ணக்கல்.

வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1902-ல் யாழ்ப்பாணம் போனார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் காசில் இந்தியக் கரையிலுள்ள தொண்டிக்கு ஊழியர்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சிறிய யாழ்ப்பாணம் செய்வதைத் திருநெல்வேலி ஏன் செய்யவில்லை என்ற கேள்வியோடு திரும்பினார். 1903 பிப்ரவரி 12 அன்று இந்திய மிஷனெரிச் சங்கம் பிறந்தது. இந்திய ஆள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது அதன் விதி. மறு ஆண்டு சாமுவேல் பாக்கியநாதன் நிஜாம் அரசின் தெலுங்குப் பகுதிக்குப் புறப்பட்டார். 1909-ல் அசரியா தானே குடும்பத்தோடு தோர்ணக்கல்லுக்குப் போனார். தெலுங்கு படித்தார். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் முதல் இந்திய ஆங்கிலிக்கப் பேராயராக அபிஷேகம் பெற்றார்.

தோர்ணக்கல்லில் அசரியா திருநெல்வேலியை நகல் எடுக்கவில்லை. இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அங்கே சபைக்கு வந்தவர்கள் மாலா, மாதிகா மக்கள், ஊருக்கு வெளியே வைக்கப்பட்டிருந்த கூலிகள். அவர்களிலிருந்தே ஆசிரியர்களையும் குருமார்களையும் உருவாக்கினார். ஞானஸ்நானம் எடுக்கும் ஒவ்வொருவரும் தலையில் கைவைத்து, நற்செய்தி சொல்லாவிட்டால் எனக்கு ஐயோ என்று சொல்ல வேண்டும் என்பது அவர் வைத்த வழக்கம். 1939-ல் பிரதிஷ்டையான தோர்ணக்கல் பேராலயத்தில் மெஞ்ஞானபுரத்து ஊசிக்கோபுரம் இல்லை. குவிமாடம் இருக்கிறது, மசூதியையும் கோயிலையும் நினைவுபடுத்தும் வேலைப்பாடு இருக்கிறது, தாமரை இருக்கிறது. 1930-களில் அந்தத் திருமண்டலத்து மக்கள்தொகை இரண்டு லட்சத்தைத் தாண்டியது. 1945 புத்தாண்டு அன்று இறந்த அசரியா தோர்ணக்கல் மண்ணிலேயே அடக்கமானார். கரிசலில் ஐம்பதாண்டு நடந்தும் கிடைக்காதது தெலுங்கு மண்ணில் கிடைத்தது என்றால், அங்கே சபை தெலுங்குக்காரர்களின் கைக்குப் போனதே காரணம்.

1950-களின் கடைசியில் திருநெல்வேலி இளைஞர்களிடம் உருவான ஃபிரெண்ட்ஸ் மிஷனரி பிரேயர் பேண்ட் இதே வழியைப் பின்பற்றிக் குஜராத்தின் டாங் காடுகளுக்கும் ஜார்க்கண்டில் மால்தோ மக்கள் வாழும் மலைகளுக்கும் ஆள் அனுப்பியது. பிடியரிசி அங்கும் போனது.

அழிந்த எல்லைக்கோடுகள்

சபைகள் ஒரு காலத்தில் தங்களுக்குள் நாட்டைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. திருநெல்வேலி ஆங்கிலிக்கருக்கு, மதுரை அமெரிக்கன் மிஷனுக்கு, நாகர்கோவில் லண்டன் மிஷனுக்கு, தரங்கம்பாடி, தஞ்சைப் பக்கம் லுத்தரன்களுக்கு. ஒருவர் வயலில் மற்றவர் இறங்குவதில்லை என்பது ஒப்பந்தம். உழவனுக்குத் தெரியாமல் போட்ட வரப்பு அது: மதுரைக்காரன் தேடித் தேர்ந்தெடுத்து அமெரிக்கன் மிஷனின் காங்கிரிகேஷனல் சபையில் சேரவில்லை, அவன் ஊருக்கு முதலில் வந்தவர்கள் அவர்கள், அவ்வளவுதான். 1919-ல் தரங்கம்பாடியில் கூடி, இந்தப் பிரிவுகள் நாம் உண்டாக்கியவை அல்ல என்று தென்னிந்திய ஊழியர்கள் குரல் எழுப்பினார்கள். முன்னால் நின்றவர்களில் அசரியா ஒருவர். 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ., உருவானது.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதவர்களுக்கு வரப்பு எதுவும் கிடையாது. 1920-களில் கொழும்பில் பாஸ்டர் பால் என்கிற ராமன்குட்டி தொடங்கிய பெந்தெகொஸ்தே மிஷன் தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் வந்தது. அதன் பிறகு எத்தனையோ தனிச் சபைகள். திருமண்டல அலுவலகத்தின் உத்தரவுக்குக் காத்திருக்காமல், ஒரு பாய், ஒரு கஞ்சிரா, ஒரு வீட்டு மாடி இருந்தால் ஆராதனை தொடங்கிவிடும். இந்த வேகத்தைக் குறைசொல்லும் குருமார்களை நிறையக் கேட்டிருக்கிறேன். மந்தையைத் திருடுகிறார்கள் என்பார்கள். காய்ச்சல் கண்ட பிள்ளையின் தலையில் ராத்திரி பத்து மணிக்கு வந்து கைவைத்து ஜெபிக்க அந்த மாடிச் சபைப் பாஸ்டர்தான் வந்தார் என்றால், அந்தக் குடும்பம் வேறு எங்கே போகும்?

கேரளத்துச் சீரோ மலபார் கத்தோலிக்க சபைக்கும் வரப்பு இருந்தது, அது ரோம் போட்டது. வேலை தேடி மும்பைக்கும் டெல்லிக்கும் போன மலையாளிகள் அங்குள்ள இலத்தீன் ஆயருக்குக் கீழே இருக்க வேண்டியிருந்தது. 1988-ல் கல்யாண், 1996-ல் தக்கலை என்று படிப்படியாக மறைமாவட்டங்கள் வந்தன. 2017 அக்டோபரில் ஓசூர், ஷம்ஷாபாத் மறைமாவட்டங்களை ஏற்படுத்திய போப் பிரான்சிஸ், இந்தியா முழுவதற்கும் அந்தச் சபையின் அதிகாரத்தை விரித்தார். சபை பழைய எல்லையைத் தாண்டி நகர்வது உலக அளவிலும் நடந்திருக்கிறது. பியூ ஆய்வு மையத்தின் கணக்குப்படி 1910-ல் உலகக் கிறிஸ்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஐரோப்பாவில் இருந்தார்கள். 2010-ல் அது நான்கில் ஒரு பங்கு.

மே மாதத்து ஞாயிறு

மறுபடி சங்கரன்கோவிலுக்கு வருகிறேன். இன்று இங்கே ஒரு பழைய சபையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தால், முன்வரிசைகளில் ஆசிரியர்கள், செவிலியர்கள், வங்கி ஊழியர்கள், வியாபாரக் குடும்பங்கள். பலருக்குச் சொந்த ஊர் தெற்கே. வேலை மாற்றலில் வந்தபோது சபையையும் கூடவே கொண்டுவந்தவர்கள். கமிட்டித் தேர்தல் வந்தால் அவர்கள் பெயர்தான் வரும். பின்வரிசையில் உள்ளூர்க்காரர்கள். விசைத்தறி ஓட்டுபவர், பூக்கட்டுபவர், கூலி வேலைக்குப் போகிறவர். இவர்களில் பெரும்பாலோர் தலித் குடும்பங்கள்.

அவர்கள் பின்வரிசையில் இருப்பதற்குச் சட்டமும் ஒரு காரணம். 1950-ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணைப்படி இந்துக்களுக்கும், பிறகு 1956-ல் சீக்கியருக்கும், 1990-ல் பௌத்தருக்கும் பட்டியலினத் தகுதி உண்டு. கிறிஸ்தவரானால் கிடையாது. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுவார்கள். சங்கரன்கோவில் தனித் தொகுதி. சான்றிதழில் ஒரு சொல் மாறினால், இந்தத் தொகுதியில் வாக்களிக்கலாம், நிற்க முடியாது. பிள்ளையின் கல்லூரி இடமும் அந்தச் சொல்லைப் பொறுத்தது. சபைப் பதிவேட்டில் பெயர் எழுதுவதற்கு முன் ஒரு தகப்பன் எவ்வளவு யோசிப்பான் என்பதை முன்வரிசையில் இருப்பவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். பெயர் எழுதாதவனை அரைக் கிறிஸ்தவன் என்று பேசுவது அநியாயம்.

அந்த அநியாயம் என் காதில் விழுந்திருக்கிறது. ஒரு சபையில் உள்ளூர் இளைஞர் ஒருவரை வேதபாடம் வாசிக்க அழைக்கலாமே என்று கேட்டபோது, அவர்களுக்கு நம்ம முறைமை தெரியாது என்று பதில் வந்தது. நம்ம என்றால் யார்? ஒரு மாதம் நடந்து, திண்ணை கிடைக்காமல் திரும்பிய உபதேசியார்களிடம் போய் அந்தப் பதிலைச் சொல்ல முடியுமா?

மே மாதத்தில் பள்ளிக்கூடம் விட்டதும் தெற்கத்திக் குடும்பங்கள் ஊருக்குப் போய்விடும். அங்கே கன்வென்ஷன் இருக்கும், அசனம் இருக்கும், உறவுக்காரர் கல்யாணம் இருக்கும். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சங்கரன்கோவில் சபை ஒன்றின் கோயிலில் இருந்தேன். முதல் நான்கு வரிசைகள் காலி. கோயில்பிள்ளை வழக்கம்போல மணி அடித்துவிட்டு வந்து, பின்னால் இருந்தவர்களைப் பார்த்து முன்னே வரச் சொல்லிக் கையசைத்தார். யாரும் உடனே எழுந்திருக்கவில்லை. பிறகு ஒரு கிழவி, கையில் துணிப்பையோடு, தரையைப் பார்த்தபடி நடந்து வந்து முதல் வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவள் பின்னால் இரண்டு பிள்ளைகள், அவர்கள் தாய், அடுத்து இன்னொரு குடும்பம். முதல் பாட்டு முடிவதற்குள் நான்கு வரிசையும் நிரம்பிவிட்டது. ஐயர், வாசிப்பதற்குக் குறித்து வைத்திருந்த பெயர்ப் பட்டியலைப் பார்த்தார். அதில் இருந்த யாரும் அன்று வரவில்லை. தாளை மடித்து வைத்துவிட்டு, முதல் வரிசையில் இருந்த பையனிடம் வேதாகமத்தை நீட்டினார். பையன் தறிக்குப் போகிறவன். நகக்கண்ணில் கறுப்பு எண்ணெய். விரலை வேட்டியில் ஒருமுறை துடைத்துக்கொண்டு வாங்கினான். கிழவியின் மடியிலிருந்த துணிப்பை சற்றே சரிந்தது. உள்ளே அரிசி.